அம்மா அழுதுச்சா?

வெளிநாட்டுக்குக் குடும்பத்தோடு போய்வரலாம் என்று முடிவானபோது எங்கள் வீட்டில் முதலில் அடிபட்ட பெயர் சிங்கப்பூர். மனைவியின் அக்கா குடும்பம் அங்கே போய்வந்து அனுப்பிய படங்கள் அவள் கைப்பேசியில் இன்னும் அழியாமல் இருந்தன. மகளுக்குத் தாய்லாந்து. மகனுக்கு நாடு முக்கியமில்லை, ஓட்டலில் காலைச் சாப்பாட்டுக்கு எத்தனை வகை வைப்பார்கள் என்பதுதான் அவன் கவலை. அம்மாவை யாரும் கேட்கவில்லை. கேட்டால், "எனக்கெதுக்குப்பா, நான் வீட்டப் பாத்துக்கிறேன்" என்பாள் என்று எல்லோருமே நினைத்திருந்தோம். அவளோ கேட்காமலே சொன்னாள்.

"போறதுன்னா சிலோனுக்குப் போவோம். அக்காவையும் பாத்த மாதிரி இருக்கும். ஆனா அக்கா வீட்டுல தங்கவேணாம். நல்ல ஓட்டலா பாத்துப் போடு."

திருப்பூரில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவனுக்குக் குரல் கம்மிவிட்டது. "அம்மா பொறந்த மண்ணப் பாக்கப் போவுது" என்றான். நல்ல ஓட்டலாகப் பார்க்கச் சொன்னதை அவன் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

அம்மா பிறந்தது 1956இல், நுவரெலியாவுக்கும் ராகலைக்கும் நடுவே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், காம்பரா என்கிற அறைகளை ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசைவீட்டில். தாத்தாவுக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை இலங்கை மலையகத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். கொழுந்தை உருட்டும் ரோலர்களுக்குப் பக்கத்தில் அவர் நின்றிருக்கிறார். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் தில்லியில் கையெழுத்துப் போட்டார்கள். குடியுரிமை இல்லாமல் கிடந்த மலையகத் தமிழர்களை இரண்டு நாடும் பிரித்துக்கொள்ளும் ஒப்பந்தம். ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு. எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரை என்ன செய்வது என்று பிறகு பேசிக்கொள்ளலாம் என ஒத்திவைத்து, 1974இல் இரண்டு அரசுகளும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. தாத்தா இந்தியாவுக்கு மனுப் போட்டார். அதற்குள் கல்யாணமாகிப் போயிருந்த பெரியம்மாவின் மாமனார் இலங்கைக்குப் போட்டார். அக்காள் ஒரு தேசம், தங்கச்சி ஒரு தேசம் என்றானது அப்படித்தான். யாரும் அவர்கள் இருவரையும் உட்காரவைத்துக் கேட்கவில்லை.

1972இல் அம்மா கிளம்பியபோது வயது பதினாறு. நானுஓயாவில் ரயிலேறி, மாறி மாறித் தலைமன்னார் போய், ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் நீலகிரிக்கு வந்து சேர்ந்தார்கள். இவர்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்றே தமிழ்நாட்டு அரசு 1968இல் தேயிலை நடத் தொடங்கியிருந்தது. டான்டீ என்று இன்று எல்லோரும் அறிந்த நிறுவனம் அதுதான். முதலில் சேரம்பாடியில், அம்மாவுக்குக் கல்யாணமான பிறகு கோத்தகிரியில் ஒரு தனியார் தோட்டத்தில். ஆக, கடல் தாண்டி வந்தும் அம்மா பார்த்தது அதே செடியை, அதே பனியை, அதே அட்டைக்கடியை. சம்பளத்தை மட்டும் வேறு ரூபாயில் கொடுத்தார்கள்.

ஓட்டலைக் கண்டுபிடித்தவள் என் மகள். நுவரெலியாவுக்கு அப்பால் கந்தப்பளையில் ஹெதர்செட் என்றொரு தோட்டம் இருந்தது. அதன் ஸ்டோர் மூடப்பட்டு, பல வருஷம் சும்மா கிடந்து, 1996இல் ஓட்டலாகத் திறக்கப்பட்டிருக்கிறது. ஹெரிட்டன்ஸ் டீ ஃபேக்டரி என்று பெயர். வெளிப்புறத்தை மாற்றாமல், இயந்திரங்களில் பலவற்றையும் அப்படியே விட்டு, உள்ளே அறைகள் கட்டியிருக்கிறார்கள். படங்களைக் காட்டினாள். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

"ஸ்டோர்ல போயாடி படுக்கிறது?" என்று ஒரே சிரிப்பு. கொஞ்சம் பொறுத்து, "சுடுதண்ணி ரூமுக்குள்ளயே வருமா?" என்றாள். வரும் என்றதும் சம்மதித்துவிட்டாள்.

2018 டிசம்பர், அரையாண்டுப் பரீட்சை விடுமுறை. திருச்சியில் விமானம் ஏறினோம். கோத்தகிரியில் பஸ் ஏறி மேட்டுப்பாளையம் இறங்குகிற நேரத்துக்குள் கொழும்பு வந்துவிட்டது. அம்மா சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கடல் தெரிந்தபோது என் மனைவி என்னை முழங்கையால் இடித்தாள், மகள் கைப்பேசியைத் தயாராக வைத்துக்கொண்டாள். அம்மா கொஞ்ச நேரம் கீழே பார்த்தாள். "இம்புட்டுத்தானா?" என்றாள். அப்புறம் சாப்பிடக் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்து, உள்ளே இருந்த கேக்கைப் பேரனுக்குக் கொடுத்துவிட்டு, வெண்ணெய்க் கட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

கட்டுநாயக்கவிலிருந்து மலைக்கு வேனில் போனோம். வண்டியோட்டி சிங்களவர், வயதில் என்னைவிடப் பெரியவர். எனக்குத் தெரிந்த இங்கிலீஷும் அவருக்குத் தெரிந்த இங்கிலீஷும் பேராதனை வரைக்கும் தாங்கின. கம்பளை தாண்டி எங்கேயோ தேநீருக்கு நிறுத்தியபோது அம்மா பின்சீட்டிலிருந்து சிங்களத்தில் ஏதோ கேட்டாள். அவர் திரும்பிப் பார்த்துப் பதில் சொன்னார். இவள் அதற்கு ஒன்று சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். என் ஆயுசில் அம்மா வாயிலிருந்து ஒரு சிங்களச் சொல்லை நான் கேட்டதில்லை. "கடைக்குப் போறதுன்னா அதானே பேசணும், சின்னப்புள்ளையில கத்துக்கிட்டது" என்றாள், பெரிய விஷயமில்லை என்கிற பாவனையில். புசல்லாவை, றம்பொடை வழியெல்லாம் அந்தப் பேச்சு நிற்கவில்லை. அருவிகளை நாங்கள் பார்த்தோம். அவர்கள் தேங்காய் விலை பேசிக்கொண்டு வந்தார்கள் என்று பிற்பாடு தெரிந்தது.

கந்தப்பளைக் கடைவீதியைத் தாண்டி, தேயிலைக்கு நடுவே வளைந்து ஏறுகிற பாதையின் முடிவில் அந்தக் கட்டடம் நிற்கிறது. ஓட்டல் என்று சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. பல மாடி, வரிசை வரிசையாக சன்னல்கள், தகரத்தின் பளபளப்பு, சுற்றிலும் வெட்டிவிட்ட செடிகள். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே, எங்கள் கோத்தகிரியைவிடக் கொஞ்சம் உயரம். குளிரும் அதற்குத் தக்கபடி. உள்ளே போனால் நடுக்கூடம் கூரைவரை திறந்து கிடக்கிறது. பழைய எஞ்சின், சக்கரங்கள், பெல்ட்டுகள், காற்றை உறிஞ்சும் பிரம்மாண்டமான விசிறிகள் எல்லாம் துடைத்து, எண்ணெய் போட்டு, வர்ணம் அடித்து நிற்கின்றன. தோட்டத்தில் இந்தச் சாமான்கள் எந்த நிறத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். டான்டீ ஸ்டோருக்குள் பள்ளிக்கூட விடுமுறையில் சோறு கொண்டுபோயிருக்கிறேன். தேயிலைத் தூசு படிந்து எல்லாமே ஒரே பழுப்பாக இருக்கும், இரண்டு தும்மல் போடாமல் திரும்ப முடியாது. இங்கே தூசும் இல்லை, சத்தமும் இல்லை. வாசனை மட்டும் எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது.

மேல்மாடிகளில்தான் அந்தக் காலத்தில் கொழுந்து வாட்டும் தட்டுகள் இருந்தன. பறித்த இலையைச் சாக்குத்துணி கட்டிய தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பி, ராத்திரி முழுக்கக் காற்றோட்டம் கொடுத்து, ஈரத்தை இறக்குவார்கள். இலை துவண்டால்தான் ரோலரில் முறியாமல் உருளும். விடிவதற்கு முன்பே கீழே ரோலர் ஓடத் தொடங்கிவிடும். தாத்தா ராத்திரி இரண்டு மணிக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இறங்கிப்போனது அதற்காகத்தான். அந்த வாட்டும் தட்டுகள் இருந்த இடத்தில் இப்போது வரிசையாக அறைகள். எங்களுக்கு இரண்டு அறை எடுத்திருந்தோம், அம்மாவுக்கும் மகளுக்கும் ஒன்று.

அறைக்குள் நுழைந்த அம்மா நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்தாள். மறுபடியும் எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தோம்.

"கொழுந்த இங்கதான் வாட்டுவாங்க. நம்மளயும் விடியறதுக்குள்ள வாட்டிருவானுங்களோ?" என்று சொல்லிவிட்டு நேரே குளியலறைக்குப் போனாள். குழாயைத் திறந்து கையை நீட்டிக்கொண்டே நின்றாள். சூடு ஏறியதும் கதவைச் சாத்திக்கொண்டாள். இருட்டுகிற நேரத்தில்தான் வெளியே வந்தாள். முகமெல்லாம் சிவந்து, தலையில் ஓட்டல் துண்டைச் சுற்றிக்கொண்டு, அறையில் தொங்கிய வெள்ளை அங்கியை சேலைக்கு மேலேயே போட்டுக்கொண்டிருந்தாள். "நாளைக்கும் இதே தண்ணி வருமா?"

அன்று ராத்திரி தம்பி போன் செய்தான். முதல் கேள்வியே, "அம்மா அழுதுச்சா?"

"குளிச்சது" என்றேன்.

அவனுக்குப் பிடிக்கவில்லை. அவனைக் குறை சொல்ல முடியாது. சிலோன் என்ற பேச்சு எங்கள் வீட்டில் எழுந்தால் அடுத்து என்ன வரவேண்டும் என்பதற்கு ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. தாத்தா இருந்தவரை, குடித்திருந்த நாட்களில், தோட்டத்துப் பெயரைச் சொல்லி அழுவார். கல்யாண வீடுகளில் பழைய ஆட்கள் கூடினால் யாராவது ஒருவர் தொடங்குவார், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். புத்தகங்களும் அப்படித்தான், ஆவணப்படங்களும் அப்படித்தான். தம்பி அவற்றையெல்லாம் தேடிப் படிக்கிறவன். அவனுக்கு அம்மாவின் துயரம் மனப்பாடம்.

காலைச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் போக மாட்டேன். என் மகன் எண்ணிப் பார்த்துவிட்டு எண்ணிக்கை விட்டுப்போனதென்று மறுபடியும் முதலிலிருந்து நடந்தான். சிவப்பரிசி இடியாப்பம், தேங்காய்ப்பாலில் கொதித்த மஞ்சள் பருப்பு, தேங்காயும் மிளகாயும் மாசிக்கருவாடும் இடித்த சம்பல், பாற்சோறு, எருமைத் தயிர், அதன்மேல் ஊற்ற கித்துள் பாணி. ஓரத்தில் அடுப்பு வைத்து ஒரு பையன் அப்பம் சுட்டுக்கொண்டிருந்தான். குழிந்த சிறு சட்டியில் மாவை ஊற்றிச் சுழற்றி, நடுவில் முட்டையை உடைத்துவிடுவான். ஓரம் மொறுமொறுவென்று சட்டியைவிட்டு எழும். ஓரத்துக்காகவே நான் மூன்றாவது முறை போய் நின்றேன். அம்மா ரொட்டியைத்தான் தேடினாள், தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்து தட்டிய கனமான ரொட்டியை. லயத்தில் காலையில் அதுதான், கையில் சுருட்டிக்கொண்டு, வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்துக்கு ஓடுவார்களாம். இருந்தது. இரண்டு துண்டு எடுத்தாள், கடித்தாள், மென்றாள். "நல்லாத்தான் இருக்கு" என்று வைத்துவிட்டு, அப்பக்காரப் பையனிடம் தட்டை நீட்டினாள். "ரெண்டு முட்டை உடைச்சு விடு தம்பி." பேச்சில் அவன் ராகலைப் பக்கத்துப் பையன் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு அவளுக்கு வந்த அப்பமெல்லாம் ஒரு சுற்றுப் பெரிதாகவே இருந்தன.

தேநீரில்தான் தகராறு. வெள்ளைப் பீங்கானில் வந்ததை ஒரு வாய் குடித்துவிட்டு, சாயம் சரி, வாசம் சரி, பால் எங்கே என்றாள். இந்த உயரத்துத் தேயிலையைப் பால் விடாமல் குடிக்க வேண்டுமென்று பரிசாரகர் மரியாதையாக விளக்கினார். லேசான தேயிலை, பால் விட்டால் அதன் மணம் போய்விடும், வெளிநாட்டுக்காரர்கள் இதற்காகவே வருகிறார்கள். அம்மா முழுக்கக் கேட்டாள். "நல்ல தேயிலையெல்லாம் வெளிய போயிரும், எங்களுக்கு டஸ்டுதான் குடுப்பாங்க. டஸ்டுக்குப் பால் வேணும். பழகிப்போச்சு தம்பி, கொண்டுவாங்க." அவர் கொண்டுவந்தார்.

ஓட்டலைச் சுற்றியுள்ள செடிகளில் விருந்தாளிகள் கொழுந்து பறிக்கலாம். வேண்டுமென்றால் சேலை கட்டிவிடுவார்கள், கூடையும் தருவார்கள். பறித்ததை அங்கேயே இருக்கும் ஒரு குட்டித் தொழிற்சாலையில் அரைத்துத் தூளாக்கித் தருவார்கள். எனக்கு இதில் ஒப்புதல் இல்லை. வயிற்றுக்காக மழையிலும் அட்டையிலும் நின்று செய்த வேலையை வேடம்போட்டு விளையாடுவதா என்று ஒரு கூச்சம். மனைவிக்கும் அதே எண்ணம். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிவிட்டாள்.

ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு குடும்பம், கொழும்பிலிருந்து புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி, என் மகள், அம்மா. மற்றவர்கள் ஒரு தளிரை இரண்டு விரலால் பிடித்து, உற்றுப் பார்த்து, கிள்ளி, கூடையில் வைத்தார்கள். அம்மாவின் இரண்டு கையும் செடியின் மேல் ஓடின. பார்க்கவே இல்லை, பேசிக்கொண்டே பறித்தாள். உள்ளங்கை நிறைந்ததும் தோளுக்கு மேலே பின்னால் வீசுவாள், கூடையில் விழும். அறுபத்திரண்டு வயது, பறிப்பை விட்டுப் பல வருஷம் ஆகிறது. மகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள்: ரெண்டு இலையும் ஒரு மொட்டும், முத்தின இலையைத் தொடாதே, காம்பு நீளமாக வராமல் முறி, நகம் போடாதே, நகம் பட்ட இடம் கறுத்துவிடும். ஜெர்மன் அம்மாள் படம் எடுத்தார். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கூடையை முன்னால் திருப்பி, இன்னொன்று எடுக்கச் சொன்னாள். கூட நின்ற ஓட்டல் பெண் தராசில் போட்டுப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு இங்க வேலையே குடுக்கலாம்" என்றார்.

"சம்பளம் எம்புட்டு?" என்றாள் அம்மா உடனே.

அந்தப் பெண் சிரித்து மழுப்பினார். அந்த டிசம்பரில் அது சிரிக்கிற கேள்வியாக இல்லை. நாள் சம்பளம் அடிப்படையாக ஆயிரம் ரூபாய் வேண்டும் என்று மலையகம் முழுக்க வேலைநிறுத்தம் நடந்து, அப்போதுதான் ஓய்ந்திருந்தது. அடுத்த மாதம் 700 ரூபாயில் ஒப்பந்தம் போட்டார்கள். ஆயிரம் என்ற எண் கையில் வர 2021 ஆயிற்று. நாங்கள் தங்கிய அறையின் ஒரு ராத்திரி வாடகையை அந்த எழுநூறால் வகுத்துப் பார்த்தேன். வந்த விடையை மனைவியிடம் சொன்னேன், அம்மாவிடம் சொல்லவில்லை. அவளும் ஏற்கெனவே வகுத்துப் பார்த்திருப்பாள் என்றுதான் இப்போது தோன்றுகிறது. கணக்கில் அவள் எங்களைவிடக் கெட்டி.

குட்டித் தொழிற்சாலையில் எங்கள் இலை வாடி, உருண்டு, நிறம் மாறி, காய்ந்து, சலித்து வந்தபோது ஒரு கைப்பிடியில் அடங்கிவிட்டது. நாலு நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் என்பது கணக்கு. அழகான பொட்டலமாகப் போட்டுக் கொடுத்தார்கள். மகன், "இவ்வளவுதானா?" என்றான்.

பெரியம்மா மறுநாள் முச்சக்கரவண்டியில் வந்தாள். மகனும் மருமகளும் கூட. அவள் இருக்கும் தோட்டத்திலிருந்து இந்த ஓட்டலுக்கு அதிகம் போனால் ஒரு மணி நேரப் பயணம்தான், ஆனால் திறந்த நாளிலிருந்து அவர்கள் இதற்குள் வந்ததில்லை. வருவதற்கு என்ன வேலை இருக்கிறது? நல்ல சேலை கட்டி, ஸ்வெட்டர் போட்டு, கையில் ஒரு பெரிய பை. வாசலில் நின்ற ஊழியர் கதவைத் திறந்து வணக்கம் சொன்னதும் பெரியம்மா திரும்பிப் பின்னால் பார்த்தாள், வேறு யாரோ வருகிறார்கள் என்று.

இந்த இடத்துக்குத்தான் தம்பி காத்திருந்தான். வீடியோ கால் போட்டு வைத்திருந்தான், நான் போனை உயர்த்திப் பிடித்திருந்தேன். நாற்பத்தாறு வருஷம். அக்காளும் தங்கச்சியும் நடுக்கூடத்தில், அந்தப் பழைய எஞ்சினுக்குப் பக்கத்தில் நேருக்கு நேர் நின்றார்கள்.

"என்னா புள்ள, போன்ல பாத்தத விடக் குண்டாருக்க?" என்றாள் பெரியம்மா.

"நீ மட்டும்?" என்றாள் அம்மா.

வாட்ஸப்பில் வாரம் இரண்டு முறை முகம் பார்த்துக்கொள்கிறவர்கள்தான். மூட்டுவலி, மருமகள், அரிசி விலை எல்லாம் நேற்றுவரை பேசி முடித்திருந்தார்கள். கட்டிக்கொண்டார்கள், முதுகில் தட்டிக்கொண்டார்கள். பெரியம்மா கண்ணைத் துடைத்தாள், அது உண்மை. அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "அதெல்லாம் அப்பறம். வா, குளி. தண்ணி அப்படி வருது."

தம்பி போனை வைத்துவிட்டான்.

இரண்டு பேரும் அறைக்குள் போய்த் தாழ்போட்டார்கள். மகள் எங்கள் அறைக்கு வந்துவிட்டாள். பை திறக்கப்பட்டது. அக்காள் கொண்டுவந்தது கித்துள் கருப்பட்டி, மாசி, வீட்டில் இடித்த சம்பல். தங்கச்சி கொண்டுவந்தது இரண்டு சேலை, வலிக்குத் தைலம், ஊட்டி வர்க்கி. ஓட்டலில் சொல்லி இன்னொரு படுக்கை போடச் சொன்னோம். காலையில் பார்த்தால் அது விரித்தபடியே கிடந்தது. இருவரும் ஒரே கட்டிலில் படுத்திருந்தார்கள். ராத்திரி சுவருக்கு அப்பாலிருந்து வந்தது முழுக்கச் சிரிப்புத்தான். யாரையோ, தோட்டத்துக் கணக்கப்பிள்ளையாகத்தான் இருக்கவேண்டும், நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள் அம்மா. நடுநடுவே தாத்தா பேர் அடிபட்டது. அப்போது குரல் தணியும், பிறகு மறுபடியும் ஏறும். பன்னிரண்டு மணிக்கு மேலே மனைவி, "பக்கத்து ரூம்காரங்க சொல்லப்போறாங்க" என்றாள். ஆனால் எழுந்துபோய்ச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

பிறந்த லயத்தைப் பார்க்க அம்மாவைக் கூட்டிப்போவது தம்பி போட்டுக்கொடுத்த பட்டியலில் முதலாவது. வண்டி தயார், பெரியம்மா மகன் வழி சொல்லத் தயார். அம்மா வரவில்லை என்றுவிட்டாள்.

"அங்க என்னத்தப் பாக்குறது? தகரம் மாத்திருக்கானாம், எட்டுக் காம்பரால அஞ்சுல ஆளு இருக்காம். அக்கா சொல்லிட்டா."

"அம்மா, நீ பொறந்த எடம்..."

"பொறந்தேன், தெரியுமே. இந்தா பாரு, அழுவுறதெல்லாம் ஒப்பாரிக் கோச்சியிலயே அழுதாச்சு. நானுஓயால ஏறினதுலேருந்து தலைமன்னார் வரைக்கும். ஒரு பெட்டி முழுக்க அழுவுது, யார் வீட்டு அழுகைன்னே தெரியல. இப்ப லீவுக்குத்தானே வந்திருக்கோம்?"

அந்த ரயிலுக்கு மலையகத்தில் அதுதான் பெயர், கோச்சி என்றால் ரயில். நான் அந்தப் பேரைத் தம்பி கொடுத்த புத்தகத்தில் பார்த்திருந்தேனே தவிர அம்மா சொல்லிக் கேட்டதில்லை.

அவள் பார்க்க ஆசைப்பட்டது நுவரெலியா ஏரியை. வில்லியம் கிரிகரி கவர்னராக இருந்த காலத்தில், 1873இல், தண்ணீரைத் தேக்கி உண்டாக்கியது. ஏப்ரலில் அங்கே வசந்த காலக் கொண்டாட்டம் நடக்கும். குதிரைப் பந்தயம், பூக்காட்சி, கொழும்பிலிருந்து கார் காராகப் பணக்காரர்கள். சின்ன வயசில் தாத்தா ஒரு தடவை கூட்டிப்போனாராம். கரையில் நின்று படகுகளைப் பார்த்திருக்கிறார்கள். ஏறக் காசு கேட்டார்கள், தாத்தா ஐஸ்பழம் வாங்கிக் கொடுத்துத் திரும்பக் கூட்டிவந்துவிட்டார். இப்போது அன்னப்பறவை வடிவத்தில், காலால் மிதிக்கிற படகுகள் நிற்கின்றன. அம்மாவும் பெரியம்மாவும் ஒன்றில் ஏறினார்கள். மிதிப்பதற்கு முன்சீட்டில் என் மகனும் மகளும். இரண்டு கிழவிகளும் மகாராணிகள் மாதிரி பின்னால் சாய்ந்து, ஆளுக்கொரு கப் ஸ்ட்ராபெரியும் கிரீமும் வைத்துக்கொண்டு, பிள்ளைகளை வேகமாக மிதிக்கச் சொல்லி அதட்டினார்கள். நேரம் முடிந்து கரைக்கு வந்ததும் அம்மா இறங்க மறுத்து, இன்னொரு சுற்றுக்குக் காசு கட்டச் சொன்னாள். அதற்கும் பிறகு இன்னொன்று. மகனுக்கு ராத்திரி தொடை வலி.

கடைசி ராத்திரி ஓட்டல் வளாகத்தில் இருக்கும் ரயில்பெட்டியில் சாப்பிட்டோம். நானுஓயாவிலிருந்து ராகலை வரை ஒருகாலத்தில் ஓடிய குறுகிய பாதையின் ஞாபகமாக ஒரு பழைய பெட்டியை நிறுத்தி உணவறையாக்கியிருக்கிறார்கள். கத்தி, முள்கரண்டி, ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டுகள். அழகாக இருந்தது, சோறு இல்லை. அம்மா பாதியில் மகளிடம் கிசுகிசுத்து அறையிலிருந்த சம்பல் டப்பாவை எடுத்துவரச் சொன்னாள். சூப்பில்கூடப் போட்டுக்கொண்டாள்.

பெரியம்மாவை அடுத்த வருஷமே கோத்தகிரிக்கு வரவழைப்பதாகப் பேச்சு. 2019 ஏப்ரலில் ஈஸ்டர் அன்று இலங்கையில் தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் குண்டு வெடித்தது. அப்புறம் கொரோனா. அப்புறம் 2022இல் அங்கே பெட்ரோலுக்கும் கேஸுக்கும் ஆள் கணக்கில்லாமல் வரிசையில் நின்ற காலம். 2023இல்தான் வந்தாள், எழுபது வயதில், முதன்முதலாகப் பாஸ்போர்ட் எடுத்து. மலையகத் தமிழர் இலங்கைக்குப் போய் இருநூறு வருஷமானதை நினைத்து அங்கே தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஆட்கள் நடைபயணம் போன வருஷம் அது. தம்பி திருப்பூரிலிருந்து வந்து காத்திருந்தான். அவளிடம் கேட்டுப் பதிவுசெய்ய ஒரு நோட்டு நிறையக் கேள்விகள் வைத்திருந்தான். எங்கள் வீட்டில் புதுப் பாய், புதுப் போர்வை, கீழ்வீட்டிலிருந்து இரவல் வாங்கிய கட்டில்.

பெரியம்மா எல்லாவற்றையும் பார்த்தாள், நன்றாக இருக்கிறது என்றாள். வர்க்கியை டீயில் தோய்த்துத் தின்றாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். அம்மா என்னைப் பார்த்தாள்.

"ஊட்டியில ஓட்டல் போட்டுரு. ரெண்டு நாளைக்கு" என்றாள் அம்மா. "சுடுதண்ணி வருதான்னு கேட்டுட்டுப் போடு."

போட்டேன். தண்ணீர் வந்தது, ஆனால் காலையில் ஆறிலிருந்து ஒன்பது வரைதான் வந்தது. காலைச் சாப்பாட்டில் நாலு வகைதான் இருந்தது. தேநீர் வந்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரு வாய் குடித்து, கோப்பையை வைத்து, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பரிசாரகப் பையன் பக்கத்திலேயே நின்றான், நன்றாக இருக்கிறதா பாட்டி என்று கேட்டான். அருமை என்று தமிழில் சொன்னார்கள். பிறகு சிங்களத்துக்கு மாறி, அந்தத் தேயிலையை, அதைப் பறித்தவளை, வாட்டியவனை, ரோலர்க்காரனை, காய்ச்சியவனை என்று வரிசையாக ஒருத்தரை விடாமல் திட்டித் தீர்த்தார்கள். தம்பி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "என்ன சொல்றாங்க, என்ன சொல்றாங்க?" என்று என்னைக் குடைந்துகொண்டே இருந்தான்.